சல்லி தந்தவரும் பேர் பெற்றவரும்: இலங்கை முஸ்லிம் தொண்டர் அமைப்புகளின் நிதியும் அங்கீகாரமும்

எங்கட ஸ்தாபனங்களின் வரலாற்றை எழுத உட்காரும்போது நாம் வழக்கமாக இரண்டு கேள்விகளுக்கே விடை தேடுகிறோம். யார் தொடங்கினார்? எந்த ஆண்டில் தொடங்கினார்? மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: அதன் மாதச் செலவை யார் கொடுத்து வந்தார்? நூற்றாண்டு மலர்களிலும் நினைவுக் கட்டுரைகளிலும் இதற்கான பதிலைக் காண்பது அரிது. முதல் பக்கத்தில் ஸ்தாபகரின் படம் இருக்கும். அடுத்த பக்கத்தில் அமைச்சரின் வாழ்த்துச் செய்தி இருக்கும். ஐம்பது வருடங்கள் மாதாமாதம் சந்தா கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் எந்த மலரிலும் இராது.

இந்தக் கட்டுரையில் அந்த மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இன்றுவரை ஒரு நடை நடந்து பார்க்க விரும்புகிறேன். எங்கட தொண்டர் அமைப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அங்கீகாரத்தை யார் கொடுத்தார், இந்த இரண்டுக்கும் இடையில் என்ன உறவு இருந்தது என்பதே விடயம். இது வெறும் பழங்கதை இல்லை. ஒரு முஸ்லிம் அமைப்பு இன்று வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் "நீங்கள் யார், உங்கட பணம் எங்கிருந்து வருகிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நூற்று முப்பது வருடத்துக்கும் மேற்பட்ட சேவை வரலாறுள்ள சமூகம் இந்தக் கேள்விக்குத் தடுமாறி நிற்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அரசாங்கத்தின் உதவி நன்கொடை

1865இல் சட்ட நிரூபண சபை, றிச்சர்ட் மோர்கன் தலைமையில் கல்வி பற்றி விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. 1867இல் வெளியான அதன் அறிக்கையின்படி 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. தனியார் முகாமையில் நடக்கும் பாடசாலைகளுக்கு, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவையானாலும், மதச்சார்பற்ற பாடங்களில் மாணவர் காட்டும் பெறுபேற்றைப் பொறுத்து அரசு பணம் கொடுக்கும் என்பது புதிய ஏற்பாடு. இதைத்தான் உதவி நன்கொடை முறை என்றார்கள்.

கடதாசியில் எல்லாச் சமூகத்துக்கும் கதவு திறந்தே இருந்தது. நடைமுறை வேறு. நன்கொடை கேட்பதற்கு முதலில் கட்டிடம் வேண்டும், பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும், வரவுப் பதிவேடு வேண்டும், வருடத்துக்கொருமுறை பரிசோதகர் வரும்போது பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சித்தியடைய வேண்டும். அதாவது, பாடசாலையை ஏற்கனவே நடத்திக்கொண்டிருப்பவருக்கே நடத்துவதற்கான பணம் கிடைக்கும். மிஷனரிமாரிடம் இவை எல்லாம் இருந்தன. 1880இல் பௌத்த பிரம்மஞான சங்கமும் 1888இல் யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபையும் எழுந்ததற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். 1890களின் தொடக்கத்தில் வந்த கால் மைல் விதி நிலைமையை இன்னும் இறுக்கியது. ஏற்கனவே உள்ள பாடசாலையிலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்கும் பாடசாலைக்குப் பொதுவாக நன்கொடை கிடையாது என்றது அந்த விதி. முந்தி வந்தவருக்கே சட்டமும் துணை நின்றது.

முஸ்லிம்களிடம் அப்போது இருந்தது ஓதப்பள்ளி. லெப்பைமார் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிவாசல் விறாந்தையிலும் குர்ஆன் ஓதக் கொடுத்தார்கள். அதற்கான செலவைப் பிள்ளைகள் வாராவாரம் கொண்டுபோன சில்லறையும் அறுவடைக் காலத்து நெல்லும் ஈடுகட்டின. பரிசோதகரின் பட்டியலில் ஓதப்பள்ளிக்கு இடமில்லை. அரசாங்கத்தின் கண்ணில் அது பாடசாலையே இல்லை. முஸ்லிம்கள் கல்வியில் அக்கறையில்லாதவர்கள் என்ற எண்ணம் பரவியதற்கு இதுவும் உதவியது. பணம் யாருக்குக் கொடுபடுகிறதோ அவரே கல்விக்குச் சேவை செய்பவர் என்று எண்ணப்பட்ட காலம் அது.

ஸாஹிராவின் சல்லி

இந்த நிலையில்தான் அறிஞர் சித்திலெப்பை (1838–1898) வருகிறார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அவர், நவீன கல்வியையும் மார்க்கக் கல்வியையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்க வேண்டும் என்று இடைவிடாமல் எழுதினார். 1883 ஜனவரியில் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்திறங்கிய ஒராபி பாஷா அவருக்குத் துணையானார். 1884இல் கொழும்பில் ஒரு மத்ரஸா தொடங்கப்பட்டது, அது நிலைக்கவில்லை. அதே 1884இல் வெலிகமையில் தொடங்கிய பாரி அரபு மத்ரஸா இன்றும் நடக்கிறது. ஒன்று நின்றது, மற்றது விழுந்தது ஏன் என்று நமது ஆய்வாளர்கள் இன்னும் ஆழமாக ஆராய வேண்டும். நான் நினைப்பது இதுதான்: பேச்சாளரும் பெரியவர்களும் கூடித் தொடங்கும் நிறுவனத்துக்கு முதல் வருடம் பணம் வரும், மூன்றாம் வருடம் வராது. சுற்றியிருக்கும் ஊர் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்ட நிறுவனத்துக்கு வருடாவருடம் ஏதோ வந்துகொண்டிருக்கும்.

கொழும்பில் இரண்டாவது முயற்சி வேறு விதமாக அமைந்தது. முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாகி, 1892 ஓகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. இந்த முறை பேனா பிடித்தவரோடு கல்லும் சுண்ணாம்பும் பிடித்தவரும் சேர்ந்தார். அவர்தான் வாப்பிச்சி மரைக்கார். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர். அரசாங்கத்தின் கட்டிடங்களைக் கட்டிச் சம்பாதித்ததில் ஒரு பங்கைச் சமூகத்தின் பாடசாலையில் போட்டார். ஒரு சங்கம், ஒரு பள்ளிவாசலின் காணி, ஒரு வர்த்தகரின் பணம், ஓர் அறிஞரின் எழுத்து, நாடுகடத்தப்பட்ட ஒரு பாஷாவின் பேர் ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஸாஹிரா. மேடையில் நாம் இன்று நினைவுகூர்வது பெரும்பாலும் கடைசி இரண்டையும்தான்.

பின்னாளில் ஸாஹிராவும் உதவி நன்கொடை பெறும் பாடசாலையாயிற்று. 1921இல் ரீ.பி. ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றபோது அறுபதுக்கும் குறைவான மாணவர்களே இருந்தார்கள். 1947இல் அவர் விலகியபோது அது நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்று. கம்பளை, மாத்தளை, புத்தளம் எனக் கிளைகளும் விட்டிருந்தது. மண்டபம் கட்டிக் கொடுத்த இரத்தின வர்த்தகர் என்.டி.எச். அப்துல் கபூர் போன்றவர்களின் கொடை அந்த வளர்ச்சிக்குத் தோள் கொடுத்தது. 1931இல் மகரகமையில் கபூரிய்யா அரபுக் கல்லூரியை நிறுவியவரும் அவரே.

உதவி பெறும் பாடசாலையின் கணக்கு எப்படி அமைந்தது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுத்தது. காணி, கட்டிடம், தளபாடம் ஆகியவை முகாமையாளரின், அதாவது சமூகத்தின் பொறுப்பு. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர் வகுப்புக் கட்டணமும் நின்றது. ஆகவே பாடசாலையின் மாத ஓட்டம் முழுவதும் அரச பணத்திலேயே தங்கியது. சமூகத்தின் பங்கு சுவரிலும் கூரையிலும் ஒதுங்கியது.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. சம்பளம் கொடுத்தவர் கட்டிடத்துக்கும் சொந்தக்காரரானார். அரச உதவி வேண்டாம், கட்டணமும் அறவிடமாட்டோம் என்று சொல்லக்கூடிய பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் தனியே நிற்கும் வழி விடப்பட்டது. பெரும் பரிபாலன நிதி இல்லாதவர்களுக்கு அது வெறும் ஏட்டுச் சுரைக்காய். அந்தச் சட்டங்களை நிறைவேற்றிய கல்வி அமைச்சர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிராவின் முன்னாள் அதிபர் என்பதை வாசகர் அறிவர். இதை வைத்து அவரைக் குறை கூறுவது என் நோக்கமில்லை. பாடசாலை சுவீகரிப்பினால் கிராமத்து முஸ்லிம் பிள்ளை அடைந்த நன்மை பெரிது. கம்பளை, மாத்தளை, புத்தளம் ஸாஹிராக்கள் இன்று அரச பாடசாலைகளாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றன. ஆனால் சுவீகரிப்போடு இன்னொன்றும் மறைந்தது. ஊருக்கு ஊர் இருந்த கல்விச் சங்கங்கள் வேலையற்றுப் போயின. கட்டிடம் எழுப்பியவர்கள், அடுத்த தலைமுறையில் ஆசிரியர் கேட்டு மனுக் கொடுப்பவர்களானார்கள்.

சட்டம் தந்த அங்கீகாரம்

அரசாங்கம் பணம் கொடுக்காமல் பேர் மட்டும் கொடுக்கும் வழிகளும் இருந்தன. 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம், 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், கம்பனிச் சட்டம், பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலத்தின் மூலம் கூட்டிணைத்தல் எனப் பல வாசல்கள். இவற்றில் மிக உயர்ந்த மரியாதையாக நமது அமைப்புகள் எப்போதும் கருதி வந்தது கடைசியையே. ஓர் உறுப்பினர் சட்டமூலத்தைக் கொண்டுவந்து, அது வர்த்தமானியில் வெளியாகி, சபையில் நிறைவேறினால் அந்தச் சங்கம் சட்டத்தால் பிறந்த ஆளாகிவிடுகிறது. தன் பெயரில் காணி வாங்கலாம், வழக்காடலாம். கடிதத் தலைப்பில் "பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது" என்று அச்சடிக்கலாம்.

அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸின் முயற்சிகள் இங்கே நல்ல உதாரணம். 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். யுத்த காலத்தில், 1942இல், கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். கிழக்கின் வறுமையையும் அங்குள்ள பிள்ளைகளின் திறமையையும் பக்கத்தில் நின்று பார்த்தார். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அந்த அனுபவத்திலிருந்து 1945இல் பிறந்ததே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. வசதியில்லாத பிள்ளை பணமில்லை என்ற காரணத்தால் உயர் கல்வியை இழக்கக்கூடாது என்பதே அதன் ஒரே குறிக்கோள். 1950இல் அவர் முன்னின்று அமைத்த அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவை 1968இல் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. சங்கம் உழைக்கத் தொடங்கிப் பதினெட்டு வருடங்களுக்குப் பிறகே சட்டத்தின் முத்திரை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கீகாரம் உழைப்பின் பின்னால் வந்த ஒழுங்கு அது.

1944இல் ஸேர் றாஸிக் பரீத் நிறுவிய சோனக இஸ்லாமிய கலாசார நிலையம் இன்னொரு மாதிரி. வாப்பிச்சி மரைக்காரின் பேரனான அவர், குடும்பத்தின் பரம்பரைக் கொடைத் தன்மையை அரசியல் செல்வாக்கோடு சேர்த்துப் பயன்படுத்தினார். பம்பலப்பிட்டி முஸ்லிம் மகளிர் கல்லூரி அந்தக் குடும்பத்தின் கொடையை இன்றும் சொல்லி நிற்கிறது. இன்னும் பிந்தி, 1973இல், பேருவளை நளீம் ஹாஜியார் ஜாமிஆ நளீமிய்யாவை எழுப்பினார். தனிமனிதக் கொடையின் உச்சம் அது. வறுமையில் வளர்ந்த ஒருவர் மாணிக்கத்தில் தேடியதை அறிவில் போட்டார்.

பள்ளிவாசல்களின் கதை வேறு. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வக்புச் சொத்துக்களுக்கு முதலில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதை மாற்றியமைத்தது 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டம். பள்ளிவாசல் பதிவு செய்யப்பட வேண்டும், நம்பிக்கையாளர் நியமனம் பெற வேண்டும், வருடக் கணக்கு வக்பு சபைக்குப் போக வேண்டும், வருமானத்தில் ஒரு பகுதி முஸ்லிம் தர்ம நிதியத்தைச் சேர வேண்டும். கவனியுங்கள்: இங்கே அரசு பணம் கொடுக்கவில்லை. ஆனால் கணக்குக் கேட்டது. ஊராரிடம் வாங்கிய பணத்துக்கு ஊராருக்குக் கணக்குக் காட்டும் பழக்கம் சட்டமாகியது. சரியாக நடந்திருந்தால் எங்கட சமூகத்தின் மிகப் பெரிய பாதுகாப்பு இந்தச் சட்டமாகவே இருந்திருக்கும். பல ஊர்களில் பதிவு இலக்கம் வாயிற் பலகையில் ஏறியது. கணக்கோ றாக்கையில் தூங்கியது.

பிடியரிசியின் கணக்கு

இவ்வளவு நேரமும் பெரியவர்களின் பெயர்களாகவே வந்தன. ஆவணத்தில் இருப்பவை அவைதான். ஆவணத்தில் இல்லாதவர்கள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிழக்கிலும் வேறு பல ஊர்களிலும் பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியில் போடுவார்கள். வாரத்துக்கொருநாள் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்துவருவார்கள். பள்ளிவாசலுக்கு, மத்ரஸாவுக்கு, ஏழைக் குமரின் கலியாணத்துக்கு அது போகும். எங்கட உம்மும்மா தன் கடைசிக் காலம் வரை இதைச் செய்தார். வீட்டில் அரிசி குறைவான நாட்களிலும் பிடி குறையவில்லை. "அது எங்கட இல்ல, அது அவங்கட" என்பார். அந்த அரிசி கொடுத்த பெண்கள் எவரும் எந்த நிருவாக சபையிலும் இருக்கவில்லை. எந்த மலரிலும் அவர்கள் படம் வரவில்லை.

ஓர் ஊர்ச் சங்கத்தின் பழைய வரவு செலவுக் கொப்பி ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு சில வருடங்களுக்கு முன் கிடைத்தது. பெயரைச் சொல்ல அவர்கள் விரும்பவில்லை. மட்டைக் கொப்பி, மை மங்கிய எழுத்து. ஒரு பக்கத்தில் ஒரு முதலாளியின் பெரிய தொகை, தடித்த எழுத்தில். அதற்குப் பிறகு அந்தப் பெயர் மீண்டும் வரவில்லை. இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் என்று எழுதப்பட்ட சிறிய பெயர்களோ பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தன. சில இடங்களில் பெயருக்குப் பதிலாக "இன்னாரின் பெண்சாதி", "வடக்குத் தெரு உம்மா" என்றே இருந்தது. கூட்டிப் பார்த்தேன். அந்தக் கொப்பி காட்டிய வருடங்களில் சங்கத்தைத் தூக்கி நிறுத்தியது இந்தச் சதங்களே. அந்தச் சங்கத்தின் கட்டிட நடுகல்லில் இருப்பது முதலாளியின் பெயர்.

ஜனாஸா சங்கங்களும் இப்படியே. மாதம் ஒரு சிறு தொகை; ஒரு மௌத்து நடந்தால் கபனும் கப்று வெட்டும் செலவும் சங்கத்தின் பொறுப்பு. பிரதேச செயலகத்தில் பதிவு செய்தவையும் உண்டு, பதிவே இல்லாமல் இரண்டு தலைமுறை ஓடியவையும் உண்டு. அரசாங்கத்தின் கண்ணில் இவை நலன்புரிச் சங்கங்கள். ஊர்க்காரருக்கோ ஜமாஅத் என்றால் என்ன என்பதற்கான விளக்கமே இவைதான்.

அரசு தந்த பாராட்டுகள் பற்றியும் ஒரு சொல். 1990களின் முற்பகுதியில் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் இராஜாங்க அமைச்சு 'வாழ்வோரை வாழ்த்துவோம்' என்ற விழாவை நடத்தியது. வாழும்போதே கலைஞரையும் எழுத்தாளரையும் கௌரவித்த நல்ல முயற்சி அது. ஆனால் எங்கட பாராட்டுகள் எல்லாம் ஆளுக்கே போகின்றன. ஒரு சங்கத்தை, ஒரு சந்தாப் பட்டியலை எப்படிப் பாராட்டுவது என்று நாம் இன்னும் பழகவில்லை.

வெளியிலிருந்து வந்த பணம்

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம், தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்யவும் மேற்பார்வை செய்யவும் வந்தது. ஏழை, நோயாளி, அநாதை, இடம்பெயர்ந்தோர் ஆகியோருக்கு உதவும் அமைப்புகள் இதன் கீழ் வந்தன. 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அரச சார்பற்ற நிறுவனங்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். 1998ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தம், மோசடி விசாரணையின்போது ஓர் அமைப்புக்கு இடைக்கால முகாமைச் சபையை நியமிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது. 2010இல் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. கல்வித் திணைக்களத்தின் பரிசோதகர் கேட்ட கேள்வி "பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா?" நூறு வருடங்களுக்குப் பிறகு அரசு கேட்பது "பணம் யாருடையது?" இந்த மாற்றத்துக்குள்தான் எங்கட இரண்டு பெரும் அனர்த்தங்களும் நடந்தன.

முதலாவது 1990 ஒக்டோபர். ஏறத்தாழ 75,000 வடபுல முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். கல்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தவர்களை முதலில் கையேற்றவர் எந்த நிறுவனமும் இல்லை. புத்தளத்து மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டார்கள். தங்கட அடுப்பில் ஆக்கிக் கொடுத்தார்கள். அரசின் உலருணவும் சர்வதேச நிறுவனங்களின் உதவியும் அதன் பிறகே வந்தன. உதவிகள் வந்ததும் பெயர்ப் பலகைகளும் வந்தன. முகாமுக்கு முகாம், கிணற்றுக்குக் கிணறு கொடுத்தவர் பெயர். முதல் வாரத்தில் சோறு கொடுத்தவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

2009க்குப் பிறகு இன்னொரு பாடம். உதவி நிறுவனங்கள் இடம்பெயர்ந்தோரைப் 'பழைய', 'புதிய' என்று பிரித்தன. இருபது வருடம் கொட்டிலில் இருந்த வடபுல முஸ்லிம்கள் 'பழைய' பட்டியலில் விழுந்தார்கள். பணத்தோடு வந்த வரைவிலக்கணம் ஒரு சமூகத்தின் துயரத்தையே இரண்டாம் வரிசைக்குத் தள்ளியது. அதை எதிர்த்துக் குரல் கொடுக்கும் அளவுக்கு எங்கட அமைப்புகளிடம் சொந்த நிதியும் இல்லை, ஒன்றுசேர்ந்த தகவலும் இல்லை.

இரண்டாவது 2004 டிசெம்பர் 26. அம்பாறை மாவட்டம் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடி என்று கரையோரம் முழுவதும் சுடுகாடானது போல் கிடந்தது. வெளிநாட்டுப் பணம் வெள்ளமாக வந்தது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. வீடுகள் எழுந்தன, கொடுக்க முடியவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2009இல் வந்த தீர்ப்பு இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்றது. கொடையாளி இருந்தார், பணம் இருந்தது, வீடு இருந்தது, வீடில்லாதவரும் இருந்தார். கதவுகள் வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தன. பணம் எவ்வளவு பெரியதானாலும் உள்ளூரில் அதற்கொரு பொது ஒப்புதல் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சந்தேகத்தின் காலம்

2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் முஸ்லிம் அமைப்புகளின் பணம் முழுவதும் பொது விசாரணைக்குரியதானது. 2021 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி பதினொரு அமைப்புகளைத் தடை செய்தது. அவற்றில் ஐந்தின் மீதான தடை 2023இல் நீக்கப்பட்டது. தடையின் நியாய அநியாயத்தை இங்கே பேச வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, எந்தத் தடையிலும் பெயர் வராத சிறு சங்கங்களுக்கு நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு கிணற்றுக்கோ ஒரு மலசலகூடத்துக்கோ பணம் பெற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். சிலர் கொப்பிகளை ஒளித்தார்கள், சிலர் எரித்தார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். உண்மையென்றால், தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியைத் தாங்களே அழித்தார்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்த மாதங்களுக்குப் பின், 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. நாட்டின் நாலாபக்கமிருந்தும் ஜனாஸாக்கள் வந்தன. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள்; எல்லாச் சமயத்தவரும் அதிலுண்டு. இராப்பகலாக நின்றவர்களில் அந்த ஊர் இளைஞர்களும் இருந்தார்கள். பிரதேச சபை, சுகாதாரத் துறை, இராணுவம் எல்லாம் சேர்ந்த வேலையில் தொண்டர்களின் பங்கு எவ்வளவு என்று எந்த அறிக்கை சொல்லும்? அவர்கள் பெயரை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கொப்பிகளைத் தேடுவோம்

இந்த நடையின் முடிவில் எனக்குத் தெரிவது இதுதான். உதவி நன்கொடைக் காலத்தில் பணமும் பேரும் அரசிடமிருந்து ஒன்றாக வந்தன. ஒன்றாகவே பாடசாலையையும் கொண்டுபோயின. கூட்டிணைப்புச் சட்டம் பேரைத் தந்தது, பணம் தரவில்லை. வெளிநாட்டு உதவி பணத்தைத் தந்தது, பேரைத் தரவில்லை. பின்னர் சந்தேகத்தையும் சேர்த்துத் தந்தது. மூன்று காலத்திலும் விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிறு சந்தாக்காரர்கள். அவர்களுக்கு அரசாங்கமும் பேர் கொடுக்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. இன்று "உங்கட பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது, "நூறு வருடமாக இந்த உம்மாமாரிடமிருந்தும் இந்த மீனவரிடமிருந்தும் இந்தச் சில்லறைக் கடைக்காரரிடமிருந்தும் வந்தது, இதோ கொப்பி" என்று நீட்ட எங்களிடம் கொப்பி இல்லை. எங்கட தடுமாற்றத்தின் காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

ஆகவே இரண்டு வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் பள்ளிவாசல், மத்ரஸா, வாசிகசாலை, ஜனாஸா சங்கம், விளையாட்டுக் கழகம் ஆகியவற்றின் பழைய கணக்குக் கொப்பிகள், பற்றுச்சீட்டுக் கட்டைகள், கூட்டறிக்கைப் புத்தகங்கள் எங்கே கிடக்கின்றன என்று தேட வேண்டும். கறையானுக்கும் கரையோர உப்புக்காற்றுக்கும் தப்பியவை இன்னும் அலுமாரிகளில் உண்டு. ஒரு கைத்தொலைபேசியால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாலே போதும். மூலப் பிரதி ஊரிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழக மாணவர்கள் தங்கட ஆய்வுக்கு இதைவிட நல்ல மூலாதாரத்தைக் காண முடியாது. பெண்களின் கொடை வரலாற்றை எழுதுவதற்கு இதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

இரண்டாவது, இன்று நடக்கும் சங்கங்கள் வருடத்துக்கொருமுறை தங்கட வரவு செலவை ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். அரசுக்கு அனுப்பும் கணக்கு அரசுக்கு, இது கொடுத்தவருக்கு. ஐம்பது ரூபா தந்தவரின் வரியும் ஐந்து இலட்சம் தந்தவரின் வரியும் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். பேர் வேண்டாம் என்பவருக்கு "பெயர் விரும்பாத ஒருவர்" என்று எழுதலாம். இடது கை அறியாத கொடைக்கும் கணக்கில் ஓர் இடம் உண்டு.

இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் நம்பிக்கையாளர்களும் சங்கச் செயலாளர்களும் பொருளாளர்களும் பலர் இருப்பதை அறிவேன். உங்கட ஊர்க் கொப்பி ஒன்று 1960க்கு முந்தியதாக இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். யார் தலைவர் என்பதை முதல் வரியில் எழுத வேண்டாம். எத்தனை பேர் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை வருடம் கொடுத்தார்கள் என்று தொடங்குங்கள்.